வாதுமை அமிலம்

படகின் வயிற்றுக்குள் மண்டியிட்டிருக்கிறேன்.
இன்னும் கடலைப் பார்க்காத படகு.
காற்றைவிடக் கனமான ஆவி
முழங்கால் உயரம் அதில் தேங்கி நிற்கிறது,
கசிவு உள்ளிருந்தே தொடங்கிவிட்டதுபோல.

கண்ணாடியிழைப் பாயை விரித்து
ரெசின் ஊற்றி உருளையால் தேய்க்கிறேன்.
ஒரு குமிழி தங்கக் கூடாது என்பான் ஹெல்டுர்.
ஸ்டைரீன் இனிப்பாக மணக்கும், முதல் வாரம்.
பிறகு மணக்காது.
காற்று சுத்தமாகிவிட்டது என்று நம்பினேன் அப்போது.
மூக்குதான் வேலையை விட்டுப் போயிருந்தது.

மூன்று பங்கு உள்ளே போனால்
இரண்டு தங்கிவிடும்.
ஒரு பங்கு திரும்பி வரும்,
தப்பான வீட்டுக் கதவைத் தட்டியவர்போல.
மற்றதை இரத்தம் ஏற்றிக்கொள்ளும்,
எங்கள் தீவுக்கு வரும் பெரிய தோணிபோல,
யார், எதற்கு, எத்தனை நாள் என்று கேட்காமல்.

கேட்பது கல்லீரல் மட்டும்தான்.
கேட்டுவிட்டு, பாவம்,
வந்தவனைக் கரைத்து அனுப்பும் அவசரத்தில்
அவன் கையில் ஓர் ஆக்சிஜனைக் கொடுக்கிறது.
சும்மா வந்தவன் கையில் இப்போது கத்தி.
கொஞ்ச நேரம்தான்.
அந்தக் கொஞ்ச நேரத்தில்
எதிர்ப்படும் எதையும் பற்றிக்கொள்வான்,
என் மூக்கும் முடியும் எழுதிவைத்திருக்கும்
அந்தச் சுருண்ட நூலையும்கூட.
இன்னொரு நொதி ஓடி வந்து
தண்ணீர் ஊற்றும்.
கத்தி கரையும்.
பெரும்பாலும் கரையும்.

வியாழக்கிழமை, வேலை முடிந்ததும்,
லீடியா ஒரு குப்பியை நீட்டுவாள்.
கழிப்பறையிலிருந்து சூடாகக் கொண்டு வருவேன்.
அதில் என்ன தேடுகிறாய் என்று ஒருமுறை கேட்டேன்.
மண்டெல் அமிலம், என்றாள்.
எங்கள் பேச்சில் மண்டெல் என்றால் வாதுமை.
தொண்டைக்குள் வீங்கும் சதைக்கும் அதே பேர்.
கசப்பு வாதுமையிலிருந்து யாரோ
முதலில் எடுத்தார்களாம், அதனால் அந்தப் பேர்.
சிரித்துவிட்டேன்.
வாதுமை மரம் நிற்காத இந்தக் குளிரில்
பத்தொன்பது வருடமாக
நான் வாதுமை விளைவித்துக்கொண்டிருக்கிறேன்,
மூத்திரத்தில்.

வெள்ளி இரவு ஐவார் வீட்டு நீராவிக் குடில்.
வேர்த்தால் எல்லாம் போய்விடும் என்பான் அவன்,
அவன் எதற்கும் அதைத்தான் சொல்வான்.
எங்கே போகும்?
இடுப்புக் கொழுப்பில் படுத்திருப்பது
வெய்யிலுக்கும் எழாது, வேர்வைக்கும் எழாது,
நாள்கணக்கில் தூங்கி
ஞாயிறு மதியம் மெல்ல இரத்தத்தில் இறங்கும்.
அதற்குள் இரண்டு கோப்பை வோட்கா.
சாராயத்துக்கும் ஸ்டைரீனுக்கும்
கல்லீரலில் ஒரே குமாஸ்தா.
சாராயம் முண்டியடித்து முன்னால் நிற்க
மற்றது வரிசையில் காத்திருக்கும்,
தலைக்குள் உட்கார்ந்தபடி.

சென்ற மே மாதம் ஒரு ஃபின்லாந்துக்காரர்
படகின் விளிம்பில் நீலக் கோடு கேட்டார்.
சாயம் கலந்தது நான்.
கடலில் இறக்கும் நாளில்
ஊதா அழகாயிருக்கிறது, ஆனால் நீலமல்லவா கேட்டேன்
என்றார் அந்த மனிதர், மரியாதையாக.
நீலம்தானே அது என்றேன்.
யாரும் எதுவும் சொல்லவில்லை.
ஹெல்டுர் தன் காலணியைப் பார்த்தான்.

பிறகு லீடியா ஒரு தட்டு கொண்டு வந்தாள்,
அதில் பதினைந்து வண்ண மூடிகள்.
ஒன்றிலிருந்து ஒன்றுக்கு வரிசையாய் அடுக்கு என்றாள்.
அடுக்கினேன்.
எனக்கு அது அழகான வரிசை.
அவள் மூடிகளைக் கவிழ்த்து
அடியிலிருந்த எண்களை எழுதிக்கொண்டாள்,
நெடுநேரம் எழுதிக்கொண்டாள்.

உன் அமிலம் அளவுக்குள்தான் இருக்கிறது, உர்வே,
என்றாள் கடைசியில்.
யார் அளவு என்று கேட்கவில்லை.
புதிய வடிகட்டி இரண்டு தந்தாள், கையெழுத்திட்டேன்.

இன்று மறுபடி வியாழன்.
குப்பியை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்க்கிறேன்.
மஞ்சள் என்கிறார்கள்.
நம்புகிறேன்.